தரை அமுங்கினால், சுவர் உப்பினால்: நீரில் இற்றுப்போன பழைய குதிரை டிரெய்லரைச் சீர்செய்யும் வழி

நாங்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாங்கியது 1994ஆம் ஆண்டு செய்த இரும்பு டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் குதிரைப் பெட்டி. இரண்டு குதிரைகள் அருகருகே நிற்கலாம்; முன்பக்கம் சேணமும் கடிவாளமும் வைக்க ஒரு சிறிய அறை. விற்றவர் வெளியே புதுப் பெயின்ட் அடித்து, உள்ளே புது ரப்பர் விரிப்பு போட்டிருந்தார். வீட்டுக்கு இழுத்துவந்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கியபோது, பலகையின் முனை நனைந்த வரட்டி போல விரலோடு பிய்ந்து வந்தது. அந்தப் பலகையின் மேல்தான் 500 கிலோ எடையுள்ள எங்கள் பெண்குதிரை நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு போயிருக்கும். ஓடும் வண்டியில் தரை உடைந்து குதிரையின் கால் சாலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. தரையைச் சோதித்து முடிக்கும்வரை எந்தக் குதிரையையும் ஏற்றாதீர்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கீழே உள்ளவற்றை உங்கள் டிரெய்லரில் தெரியும் கோளாறைக் கொண்டு தேடிப் படிக்கலாம். ஆனால் வேலையின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்: முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், அதன்பின் இரும்பும் தரையும், கடைசியில் சுவரும் பெயின்டும். நான் முதல் மாதம் இதைத் தலைகீழாகச் செய்தேன். புதிதாகப் பொருத்திய சுவர்ப் பலகை இரண்டே மழையில் மறுபடி உப்பியது.

கையில் இருக்க வேண்டியவை: பெரிய திருப்புளி, சுத்தியல், நல்ல டார்ச், சாக்பீஸ், மரத்தின் ஈரத்தை அளக்கும் ஊசிமுனை ஈரமானி, கையுறை, என்95 முகக்கவசம். டிரெய்லருக்கு அடியில் நுழைவதானால் அது இழுக்கும் வண்டியோடு கொக்கியில் மாட்டியபடியே இருக்கட்டும். சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, அடிச்சட்டத்தைத் தாங்கிகளில் நிறுத்திய பிறகே நுழையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

மிதித்தால் தரை அமுங்குகிறது. "டொக்" என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் "தப்" என்கிறது

விரிப்புகளை முழுவதுமாக வெளியே எடுங்கள். 4 அடிக்கு 6 அடி, முக்கால் அங்குலத் தடிமன் உள்ள ஒரு ரப்பர் விரிப்பு ஏறத்தாழ 45 கிலோ இருக்கும். தனியாக இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் பூட்டுக் குறடு ஒன்றை மாட்டிக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு இரண்டு பேர் இழுக்கலாம். பிறகு தரையைக் கழுவாதீர்கள். பெருக்கினால் போதும். கழுவினால் எது பழைய ஈரம், எது புதிய ஈரம் என்று தெரியாமல் போய்விடும்.

சுத்தியலால் ஒவ்வொரு பலகையையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒலி மந்தமாகும் இடத்தில் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு திருப்புளியை நார் ஓட்டத்துக்குக் குறுக்கே வைத்துக் கைவலுவால் அழுத்திக் குத்தி, மேல்நோக்கி நெம்புங்கள். நல்ல மரம் நீளமான சிலாம்பாக, "சட்" என்ற ஒலியோடு பிளந்து எழும். இற்ற மரம் ஒலியே இல்லாமல், குத்திய இடத்திலேயே குட்டையாக ஒடிந்துவிடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கை பழகிக்கொண்டால் ஈரமானி இல்லாமலேயே பாதி முடிவு சொல்லிவிடலாம்.

எங்கே குத்துவது? பலகையின் நடுவைவிட முனைகள்தான் முதலில் போகும். மரத்தின் வெட்டுமுகம், அதாவது வளையங்கள் தெரியும் முனை, பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். அந்த முனை இரும்புப் பள்ளத்துக்குள் செருகப்பட்டு உலரவே வழியில்லாமல் கிடக்கும். அடுத்தது சிறுநீர் விழும் இடம். பெண்குதிரை நின்ற பக்கத்தில் அது பின்கதவை ஒட்டியும், காயடித்த ஆண்குதிரை நின்ற பக்கத்தில் நடுவிலும் இருக்கும். மூன்றாவது, பின் சாய்தளத்தின் கீல் ஓரம்; மழை அங்கே தேங்கும். மேலிருந்து பார்த்தது போதாது. அடியிலிருந்தும் அதே பலகைகளைக் குத்திப் பாருங்கள். எங்கள் டிரெய்லரில் மேல்பக்கம் உறுதியாக இருந்த ஒரு பலகை, குறுக்குச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பாதித் தடிமன் மக்கியிருந்தது.

திருப்புளி கைவலுவிலேயே அரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்தப் பலகைக்கு ஆயுள் முடிந்தது. இறுக்கும் எபாக்சி, மரப்பிசின் போன்றவற்றை ஜன்னல் சட்டத்துக்குப் பயன்படுத்தலாம், குதிரை நிற்கும் தரைக்கு வேண்டாம். ஒரு பலகை போயிருந்தால் ஒன்றை மாற்றலாம். இரண்டுக்கு மேல் போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுவதே என் தீர்ப்பு. எப்படியும் அடியில் உள்ள இரும்பைச் சுத்தம் செய்யப் பலகைகளைக் கழற்றத்தான் வேண்டும். பழைய தரைமேல் ப்ளைவுட் அடித்து மூடுவது மட்டும் கூடவே கூடாது. ஈரம் இரண்டு அடுக்குக்கும் இடையில் சிறைப்பட்டுக் கீழே உள்ளதை இன்னும் வேகமாகத் தின்னும். நமக்கும் கண்ணில் படாது.

பலகை வாங்கும்போது, அழுகாமல் இருக்க மருந்தேற்றிய பைன் மரத்தில் இரண்டு அங்குலம் என்று விற்பது உண்மையில் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர்தான். முனையில் அடித்திருக்கும் சீட்டில் யூசி4ஏ (UC4A) என்று இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணோடு உறவாடினாலும் தாங்கும் அளவுக்கு மருந்து ஏற்றப்பட்டது என்பதற்கான குறி அது. ஓக் மரம் வேண்டுமென்றால் வெள்ளை ஓக் கேளுங்கள். அதன் துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை, நீரை உறிஞ்சும். விலை குறைவு என்று அதை வாங்கினால் சில ஆண்டுகளில் இதே கட்டுரைக்குத் திரும்ப வேண்டிவரும்.

மருந்தேற்றிய மரம் பல கடைகளில் ஈரமாகவே விற்கப்படுகிறது. அப்படி என்றால் பலகைகளை நெருக்கமாக வையுங்கள், உலரும்போது தானே சுருங்கி இடைவெளி விழும். மருந்தேற்றிய பின் சூளையில் உலர்த்தியது என்றால் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் காப்பர் நாப்தனேட் மருந்தைத் தூரிகையால் இரண்டு முறை பூசி, வாடை அடங்கும்வரை வெளியே உலரவிடுங்கள். இந்த முனை வேலையை அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். எனக்கோ முழுத் தரையிலும் முக்கியமான அரை மணி நேரம் அதுதான் என்று தோன்றுகிறது.

இன்றைய மருந்துகளில் செம்பு அதிகம். சாதாரண ஆணியையும் போல்ட்டையும் அது அரித்துவிடும். சூட்டுமுறையில் துத்தநாகம் பூசியவை அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டுமே வாங்குங்கள். குறுக்குச்சட்டத்தின் மேல்முகத்தில் பியூட்டைல் பட்டை (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டி, அதன்மேல் பலகையை வைத்தால் செம்பும் இரும்பும் நேரடியாகத் தொடாது.

கழற்றிய பழைய பலகைகளை எரிக்க வேண்டாம். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு இறுதிவரை வீட்டு உபயோக மரங்களுக்குக் குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிவந்தார்கள். 1994ஆம் ஆண்டுப் பலகையில் அது இருக்கவே வாய்ப்பு அதிகம். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும். ரம்பத்தூள்கூட லாயத்தில் விழாமல் அள்ளிவிடுங்கள். எங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கில் இந்த மரத்தைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

அடியில் இரும்பு செதில் செதிலாக உரிகிறது

ஒஹாயோவில் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். மேலிருந்து சிறுநீர், கீழிருந்து உப்புநீர். நடுவில் மாட்டிக்கொள்வது குறுக்குச்சட்டங்கள். துரு எல்லாம் ஒன்றல்ல. ஆரஞ்சுத் தூள் போல விரலில் ஒட்டுவது மேல்தோல் துரு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுக்கடுக்காகச் செதில் விட்டு உரிவதுதான் ஆபத்து. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் சட்டம் தடித்திருப்பது போலவே கண்ணுக்குத் தெரியும். செதில்களைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

சுத்தியலின் கூர்முனையால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. பள்ளம் விழுந்தாலோ, துளை விழுந்தாலோ அந்தச் சட்டத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். இதை நீங்களே செய்ய வேண்டாம். கட்டுமான வெல்டிங்கில் தேர்ச்சிச் சான்று உள்ளவரிடம் கொடுங்கள்; கொடுக்கும் முன் மரம், நுரை, பேட்டரி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எங்களுக்கு ஏழில் இரண்டு சட்டங்கள் மாற வேண்டியிருந்தது. துத்தநாகம் பூசிய இரும்பாக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், அந்தப் புகை காய்ச்சலை வரவழைக்கும்.

மேல்தோல் துருவுக்குக் கம்பித் தூரிகை, துரு மாற்றும் திரவம், எபாக்சி பிரைமர், அதன்மேல் பெயின்ட். சுரண்டும் முன் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதனைக் குச்சியால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு மறுநாள் சேண அறையின் மூலையில் தண்ணீர்

எங்களுக்கு வலதுபக்கக் கீழ் மூலையில் தண்ணீர் தேங்கியது. அந்த மூலைக்கு நேர் மேலே இருந்த கூரை இணைப்பை மூன்று முறை அடைத்தேன். தண்ணீர் நிற்கவில்லை. டிரெய்லரின் சுவர்ச்சட்டங்கள் உள்ளீடற்ற குழாய்கள். ஓரிடத்தில் நுழையும் நீர் அவற்றுக்குள்ளேயே ஓடி வேறோர் இடத்தில் எட்டிப்பார்க்கும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் போகும். எங்கள் முற்றம் வலப்பக்கம் சரிவு. ஓட்டை இருந்ததோ இடப்பக்க உச்சியில்.

கண்டுபிடிக்க இரண்டு வழிகள். முதலாவது தோட்டக் குழாய். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும், ஒருவர் வெளியே நீர் விட வேண்டும். கீழிருந்து மேலாகப் போங்கள்: முதலில் கீழ்ச்சுவர், பிறகு ஜன்னல் சட்டம், பிறகு மேல் விளக்குகள், கூரை ஓரம், கடைசியில் காற்றுத் திறப்பின் மூடி. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்துவரும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். உயரழுத்தக் குழாய் வேண்டாம். மழை நுழையாத இடத்திலும் அது நீரைத் திணித்துவிடும்.

இரண்டாவது வழியில்தான் எங்களுக்கு விடை கிடைத்தது. கதவு, ஜன்னல், காற்றுத் திறப்பு எல்லாவற்றையும் மூடிப் பாலிதீன் ஒட்டி, ஒரு ஜன்னல் வழியே மின்சார இலை ஊதியின் வாயைச் செருகி, உள்ளே காற்றை நிரப்பினோம். பெட்ரோலில் ஓடும் ஊதியைப் பயன்படுத்தாதீர்கள், புகை உள்ளே போகும். பிறகு வெளியே ஒவ்வோர் இணைப்பிலும் ரிவெட்டிலும் சோப்புநீர் தெளித்தோம். கூரை இணைப்பில் ஒன்றுமில்லை. இடப்பக்க உச்சியில் இருந்த மஞ்சள் விளக்கின் அடியில் மட்டும் ஒரு குமிழி எழுந்தது, பெருத்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. விளக்கைக் கழற்றினால், அதன் ரப்பர் வளையம் காய்ந்த வடு மாங்காய் போலச் சுருங்கியிருந்தது. ஒயர் நுழையும் துளையைச் சுற்றித் துருக்கறை கீழ்நோக்கி ஓர் ஆறு போலக் கோடு போட்டிருந்தது. எத்தனை ஆண்டு மழை அந்தப் பட்டாணி அளவுத் துளை வழியே இறங்கியதோ.

வழக்கமாக ஒழுகும் இடங்கள் இவைதான்: மேல் விளக்குகள், வெயிலில் வெடித்த பிளாஸ்டிக் காற்றுத்திறப்பு மூடி, ஜன்னல் சட்டம், தளர்ந்த ரிவெட், கூரையும் முன்முகமும் சேரும் வளைவு.

அடைக்கும் முன் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுங்கள். அதன்மேல் புதுப் பசை தடவுவது வீண்செலவு. அதிலும் முந்தையவர் சிலிக்கோன் போட்டிருந்தால் கூடுதல் உழைப்பு. சிலிக்கோன் படிந்த இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது, புதுச் சிலிக்கோன்கூட ஒட்டாது. பிளாஸ்டிக் கத்தியால் வழித்து, அதைக் கரைக்கும் திரவம் போட்டு, கடைசியில் ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். விளக்கு, ஜன்னல் விளிம்புகளின் அடியில் பியூட்டைல் பட்டை. செங்குத்து இணைப்புகளுக்குப் பாலியூரிதேன் பசை. சமதளக் கூரைக்குத் தானே பரவிப் படியும் வகைப் பசை. இந்தக் கடைசி வகையைச் சுவரில் போட்டால் வழிந்து ஓடிவிடும். தளர்ந்த ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, முனை மூடிய வகை ரிவெட்டைப் பசையில் தோய்த்து அடியுங்கள். சட்டத்தின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தப்பித்தவறி நுழையும் நீருக்கு அதுதான் வாசல்.

மழையே இல்லை, ஆனாலும் காலையில் கூரையின் உட்புறம் நனைந்திருக்கிறது

இது ஒழுக்காக இருக்காது. குதிரையின் மூச்சில் ஈரம் அதிகம். குளிர் இரவில் ஒற்றைத் தகடுக் கூரையில் அது பனித்துளியாகப் படியும். குதிரை ஏறாத நாளிலும் ஈர விரிப்பும் நனைந்த மரமும் போதும். உறுதிசெய்ய, கூரையின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு ஒரு முழ அகலப் பாலிதீனை நான்கு பக்கமும் ஒட்டுங்கள். மறுநாள் பாலிதீனின் கீழ்முகத்தில், அதாவது அறையைப் பார்க்கும் பக்கத்தில் துளி இருந்தால் அது காற்றின் ஈரம். பாலிதீனுக்கும் கூரைக்கும் இடையில் ஈரம் என்றால் வெளியிலிருந்து வருகிறது. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

காற்றின் ஈரத்துக்குப் பசை மருந்தல்ல. முன்னும் பின்னும் காற்றுத் திறப்பு இருக்க வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் காற்று ஓடாது. நிறுத்திவைக்கும் நாட்களில் ஜன்னல்களை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள். கூரைக்குக் குளிரும் வெப்பமும் தடுக்கும் உள்ளீடு வேண்டுமென்றால் மூடிய நுண்ணறை நுரைப்பலகையை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கண்ணாடி நார்ப் பஞ்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு அப்படியே தொங்கும்.

சுவர்ப் பலகை அலையலையாக நெளிகிறது, கம்பளம் கறுத்துவிட்டது

சேண அறைச் சுவரில் பலர் கம்பளம் ஒட்டிவைக்கிறார்கள். அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அது பூஞ்சணத்தின் வீடு. முகக்கவசம் போட்டு, லேசாக நீர் தெளித்துத் தூசி அடங்கியபின் கிழித்து எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். அடியில் உள்ள மெல்லிய ப்ளைவுட் உப்பி அடுக்குப் பிரிந்திருந்தால் அதுவும் போகட்டும். கறை தெரியும் எல்லையோடு நிறுத்தாமல் ஒரு முழம் கூடுதலாக வெட்டுங்கள்.

பிறகு உலர்த்தல். விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து, மரச்சட்டங்களில் ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை காத்திருங்கள். எங்களுக்குப் பதினேழு நாட்கள் ஆயின. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குத் தோதாகிவிடும். அந்த நிலையில் மேலே பலகை அடித்து மூடினால் முதலுக்கே மோசம். செம்பு மருந்தேற்றிய மரத்தில் ஈரமானி சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உறுதியாக இருக்கும் மரத்தில் மேலோட்டமான பூஞ்சணம் மட்டும் இருந்தால் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்க்கலாம். மரம் போன்ற துளையுள்ள பொருளின் உள்ளே பிளீச் எட்டாது, நிறத்தைத்தான் வெளுக்கும். சுவருக்குள் மறையும் சட்டங்களுக்குப் போரேட் மருந்து பூசுவது நல்லது. அது நீரில் கரையும் என்பதால் மழைபடும் இடத்துக்கும், குதிரை நக்கக்கூடிய இடத்துக்கும் வேண்டாம்.

படகு வேலைக்கான கடல்தர ப்ளைவுட் வாங்கினால் அழுகாது என்று பலர் நம்புகிறார்கள். அதன் பசை நீருக்குக் கரையாது, உள்ளே பொந்து இருக்காது. ஆனால் மரத்துக்கு மருந்து ஏற்றியிருக்காது. ஆகவே எந்த ப்ளைவுட் ஆனாலும் அளவுக்கு வெட்டி, துளைகளும் போட்டு முடித்து, ஆறு முகங்களுக்கும் பெயின்ட் அடித்த பிறகே பொருத்துங்கள். தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு, அதை அலுமினியக் கோணத்தால் மறையுங்கள். தரையைக் கழுவும் நீரைப் பலகையின் வெட்டுமுகம் உறிஞ்சாமல் இருக்க இந்தச் சிறிய இடைவெளி போதும்.

குதிரை நிற்கும் பக்கத்துக்கு வேறு கணக்கு. உதை தாங்க 19 மில்லிமீட்டர் ப்ளைவுட், அதன்மேல் ரப்பர். திருகுகளின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வெறுங்கையால் சுவர் முழுவதும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். உங்கள் உள்ளங்கையைக் கீறுவது குதிரையின் கண்ணையும் கீறும். நுரை அடைத்த பழைய மெத்தைப் பட்டைகளை அழுத்தினால் நீர் வடிகிறதா? புதிதாகத் தைக்கக் கொடுங்கள், நனைந்த நுரை உள்ளுக்குள் உலராது.

இடது சிக்னலைப் போட்டால் மற்ற விளக்குகளும் மினுங்குகின்றன

பெரும்பாலும் எர்த் இணைப்பில் துரு. இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லருக்கு மின்சாரம் தரும் அமெரிக்க ஏழுமுனை இணைப்பில் அது வெள்ளை ஒயர். டிரெய்லர் சட்டத்தில் அது திருகப்பட்ட இடத்தைக் கழற்றி, பளபளக்கும் இரும்பு தெரியத் தேய்த்து, புது முனை மாட்டி, மேலே மின்கிரீஸ் தடவுங்கள். நீர் புகுந்த ஒயரை உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும்; கறுப்பு முடியும்வரை வெட்டிவிடுங்கள். சுவரை மூடும் முன் பிரேக் விளக்கு, மின்பிரேக், டிரெய்லர் கழன்றால் பிரேக் பிடிக்கவைக்கும் பேட்டரி ஆகிய எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள்.

அலுமினியத் தரையில் வெள்ளைப் பொடியும் குழிகளும்

அலுமினியம் மக்காது, ஆனால் விரிப்புக்கு அடியில் தேங்கும் சிறுநீர் அதை அரிக்கும். வெள்ளைப் பொடியைத் துடைத்து, மென்மையான சோப்பால் கழுவி, குழியின் ஆழத்தை ஊசியால் பாருங்கள். ஊசி மறுபுறம் எட்டிப்பார்த்தால் தகடு மாற வேண்டும். லாயத்தில் வாடைக்குச் சுண்ணாம்பு தூவும் பழக்கம் உள்ளவர்கள் அலுமினியத் தரையில் அதைச் செய்யக் கூடாது. சுண்ணாம்பின் காரமும் அலுமினியத்தைத் தின்னும்.

எல்லாம் முடிந்த பிறகும் வாடை போகவில்லை

மூக்கை எரிக்கும் வாடை என்றால் அம்மோனியா. எங்கோ பழைய சிறுநீர் தங்கியிருக்கிறது. இரும்புப் பள்ளத்தின் உட்புறம், விரிப்பின் அடிமுகம், இரண்டு குதிரைகளுக்கும் நடுவே உள்ள தடுப்பின் அடிக்கட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். சோப்புநீர், பிறகு சமையல் சோடா. சிறுநீர் ஊறிய மரத்திலோ விரிப்பிலோ பிளீச்சை ஊற்றவே ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். மூடிய டிரெய்லருக்குள் அது நுரையீரலைத் தாக்கும்.

மண்வாடை என்றால் பூஞ்சணம் இன்னும் எங்கோ உயிரோடு இருக்கிறது. "கொஞ்சம் வாடைதானே" என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டுமே விடும். பயணத்தில் தலையை உயர்த்திக் கட்டிவிடுகிறோம். தலையைத் தாழ்த்தித் தும்மி மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. நாம் கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளிக்கும் அந்தக் காற்றை அது மணிக்கணக்கில் உள்ளிழுக்கிறது. எங்கள் டிரெய்லரில் மண்வாடை வந்தது, கூரை உள்ளீட்டுக்கு மேல் ஒளிந்திருந்த ஒரு சாண் நனைந்த பஞ்சிலிருந்து. அதை எடுக்கக் கூரைப்பலகை ஒன்றை மறுபடி கழற்ற நேர்ந்தது.

குதிரையை ஏற்றும் முன்

புதுப் பலகை, புது ரப்பர், தடித்த சுவர் எல்லாம் சேர்ந்து டிரெய்லரின் எடையைக் கூட்டியிருக்கும். டிரெய்லரின் தகட்டில் மொத்த எடை வரம்பு குறித்திருக்கும். லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்து, குதிரைகளின் எடையையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பழைய டிரெய்லர்களில் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடுதட்டியிருக்கும்.

முதல் பயணத்தைக் குறுகியதாக வையுங்கள். எங்கள் குதிரை சாய்தளத்தில் முன்னங்காலை வைத்து, இரண்டு முறை தட்டிப் பார்த்து, பிறகு ஏறினாள். இருபது நிமிடம் ஊரைச் சுற்றி வந்து அவளை இறக்கியதும் விரிப்பைத் தூக்கினேன். ஈரமானி முன்பக்கப் பலகைகளில் 13 காட்டியது. அவள் சிறுநீர் கழித்த பின்பக்கத்தில் 18. அந்த இடத்தைக் கழுவி, விரிப்பைச் சுவரில் சாய்த்து, கதவுகளைத் திறந்துவிட்டு வந்தேன். மறுநாள் மாலை அதுவும் 14க்கு இறங்கியிருந்தது.